மஞ்சள் பெல்ட்டும் மூத்த மருமகளும்

"சொர்ணம்மா, நீங்க வலப்பக்கம் வாங்க. பேச்சியம்மா பெரியம்மா, ஒரு கல் தள்ளி நின்னுக்கோங்க."

கராத்தே மாஸ்டர் சொன்னது அவ்வளவுதான். முக்கூடலில் ரேசன் கடைக்குப் பின்னால் இருக்கிற சமுதாயக் கூடம் அது. தரையில் சதுரம் சதுரமாக வெள்ளைக் கல் பதித்திருக்கும். நான் நின்ற கல்லுக்கும் பக்கத்துக் கல்லுக்கும் ஓர் எட்டுதான். அந்த ஓர் எட்டை எடுத்து வைக்க எனக்குக் கால் வரவில்லை.

சொர்ணத்தின் இடுப்பில் புது மஞ்சள் பெல்ட். கஞ்சியில் முக்கி எடுத்த மாதிரி விறைப்பு. என் இடுப்பில் அதே பழைய வெள்ளை. நான் நகர்ந்தேன். அவள் வந்து என் கல்லில் நின்றாள். அவள் பாதம் பட்டபோது அந்தக் கல்லில் என் சூடு இருந்திருக்கும்.

சொர்ணம் யார் என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் கொழுந்தன் பெண்டாட்டி. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினோரு வருஷம் கழித்து வந்தவள். இப்போது இரண்டு பேருக்கும் தாலி இல்லை. பிள்ளைகள் வெளியூரில். ஒரே வீட்டில் நடுவே சுவர் வைத்து, ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் மாமியாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "எம் பேரு ஒரு எடத்துலயும் இல்லையே யக்கா" என்று கேட்டாள். இந்த வாரம் முழுக்க அவள்தான். படிக்கட்டும்.

இடுப்பு வலிக்குப் போன இடம்

எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். விடிந்ததில் இருந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது இடுப்பு நம்மோடு எழுந்திருக்காது. டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதித் தருவார். கூடவே, "நடங்க, கையைக் காலை ஆட்டுங்க" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெபா மாஸ்டர் வந்தாள். பாளையங்கோட்டைப் பிள்ளை. என் கடைசி மகள் வயசு இருக்கும். கறுப்பு பெல்ட். வாரம் இரண்டு நாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். பெண்களுக்கு மட்டும் கராத்தே வகுப்பு, வயசு தடையில்லை என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ் ஸ்டாப் டீக்கடை அண்ணாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த வயசுல கராத்தே படிச்சு யாரம்மா அடிக்கப் போறிய?"

"மொத அடி ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. வடைய அம்புட்டுச் சிறுசாப் போடுதியள்லா, அதுக்கு" என்றாள் மைமூன். அடுத்த வீட்டுக்காரி. பீடியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

எனக்குக் கராத்தே மேல் ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் பேர் கொடுத்தது சொர்ணம். அவள் போகிறாள் என்று தெரிந்த பிறகு நான் வீட்டில் எப்படி இருப்பேன்?

வகுப்பில் ஒரு முறை உண்டு. முதலில் வெள்ளை பெல்ட். பிறகு மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று போய்க் கடைசியில் கறுப்பு. மாஸ்டரைப் பார்த்து வரிசையில் நிற்கும்போது பெரிய பெல்ட் வலப்பக்கம், சின்ன பெல்ட் இடப்பக்கம். ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் வைக்கும்போது சின்ன பெல்ட்தான் முதலில் குனிய வேண்டும்.

முதல் நாள் எல்லோருக்கும் வெள்ளை. அதனால் ஜெபா, "எங்க வேணாலும் நில்லுங்க" என்றாள். நான் நேராகப் போய் வலப்பக்கக் கடைசியில் நின்றேன். எனக்கு அடுத்து சொர்ணம். யாரும் சொல்லித் தரவில்லை. தானாக அப்படி அமைந்தது.

"மாஸ்டர், வயசுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டு வைத்தேன்.

"வயசுக்கு நாற்காலி உண்டு பெரியம்மா. முடியாட்டி உக்காந்துக்கிடலாம்" என்றாள் ஜெபா.

நான் ஒரு நாளும் உட்காரவில்லை.

பிரிக்காத கட்டு

எங்கள் வீட்டில் வரிசை என்றால் அது என்னில் இருந்து தொடங்கும். பொங்கலுக்குப் பானையில் முதல் கை அரிசி நான் போட வேண்டும். சொர்ணம் பின்னால் சுளகோடு நிற்பாள். கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை நான்தான் முதலில் பிடிப்பேன். கோயில் கொடைக்குச் சேலை எடுத்து வந்தால் நான் ஒன்றை எடுத்த பிறகுதான் அவள் கை நீளும். ஒரு தடவைகூட அவள் முகம் சுளித்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வெளியே வேறு வரிசை இருந்தது.

பீடிக் கடையில் கட்டுகளைக் கொண்டுபோய் வைத்தால் கணக்கப்பிள்ளை பிரித்துப் பார்ப்பார். தளர்வாகச் சுற்றியது, இலை கிழிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவார். வரிசையில் நான் முன்னால், சொர்ணம் பின்னால். என் கட்டைப் பிரிப்பார். ஒவ்வொரு பீடியின் தலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நாலைந்தாவது எறிவார். அடுத்தது அவள் முறை.

"சொர்ணம் கட்டா? அத என்னத்தப் பாக்க. அங்கன வையி."

பிரிக்கவே மாட்டார். அந்த நேரத்தில் சொர்ணம் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அவமானப்பட்டதைத் தான் பார்க்கவில்லையாம். ஏளனமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவள் இடம் கொடுக்கவில்லை.

எத்தனையோ வருஷம் அப்படி. புகையிலை நெடி பிடித்த அந்தக் கடையில் நின்று நான் ஒன்றே ஒன்றை நினைத்துக்கொள்வேன். கை ஓடட்டும், அவளுக்கு நன்றாக ஓடட்டும். ஆனால் மூத்தவள் நான்தான். அதை எந்தக் கணக்கப்பிள்ளையும் பொறுக்கி எறிய முடியாது.

மேசை மேல் இருந்த டீ

முதல் பெல்ட் பரீட்சைக்குத் திருநெல்வேலி டவுணில் இருந்து பெரிய மாஸ்டர் வந்தார். ஜெபாவுக்கே சொல்லிக்கொடுத்தவர். அவருடைய கறுப்பு பெல்ட் கட்டிக் கட்டித் தேய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளை நூலாக இருந்தது. "பெல்ட்டு வெளுத்துப்போச்சே, இவரையும் ஒண்ணாங் கிளாஸ்ல போட்ருவாகளோ?" என்று மைமூன் என் காதில் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

பரீட்சையில் முக்கியமானது கட்டா. எதிரே ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு, முன்னே போய், திரும்பி, அடித்து, தடுத்து, மறுபடி வர வேண்டும். பார்த்தால் தனியாக ஒருத்தி காற்றோடு சண்டை போடுவது போல் இருக்கும். அதில் ஒரு சட்டம் உண்டு. எந்த இடத்தில் தொடங்கினோமோ அதே இடத்தில் வந்து முடிக்க வேண்டும். பெரிய மாஸ்டர் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

என் குத்தைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். பீடி சுற்றின கை, சும்மாவா? கத்த வேண்டிய இடத்தில் நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற ஆடு ஓடியது. கடைசிக் குத்தைக் குத்தி நிமிர்ந்து பார்த்தால், என் முஷ்டி மேசை மேல் இருந்த டீ டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது. பெரிய மாஸ்டர் பைய டம்ளரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

கோடு எனக்குப் பின்னால் இரண்டு கல் தள்ளிக் கிடந்தது.

"முன்னால போகும்போது எட்டி எட்டி வைக்கிய. திரும்பி வரும்போது அந்த அளவுக்கு வர மாட்டேங்கிய. கோட்டுக்கு வந்து முடிக்கணும்மா" என்றார்.

சொர்ணத்தின் குத்தில் சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனாள், வந்தாள். முடித்தபோது இரண்டு பெருவிரலும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றன.

அப்புறம்தான் நான் ஒரு கல் தள்ளி நின்றது. அன்றைக்கே அவளுக்கு முதலில் குனிந்து வணக்கம் வைத்தேன். நான் வைத்த பிறகு அவள் வைத்தாள். என்னைவிடத் தாழக் குனிந்தாள். அது எனக்கு இன்னும் எரிந்தது.

ஆணியில் தொங்கியது

ஒரு நாள் சொர்ணம் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள். கொஞ்சம் எண்ணெய் எடுக்க அவள் பக்கம் போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த மஞ்சள் பெல்ட் தொங்கியது.

அடுத்தவர் பெல்ட்டை எடுத்துக் கட்டக் கூடாது என்று ஜெபா சொல்லியிருக்கிறாள். நான் கதவைச் சாத்தினேன். சேலைக்கு மேலேயே கட்டினேன். அவள் போடுகிற பவுடர் வாசம் அதில் இருந்தது. அவள் வீட்டுக் கண்ணாடி சின்னது. முகத்தைப் பார்த்தால் இடுப்பு தெரியாது, இடுப்பைப் பார்த்தால் முகம் தெரியாது. இடுப்பை மட்டும் பார்த்தேன். நன்றாக இருந்தது. எனக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

அவிழ்த்து மாட்டிவிட்டு எண்ணெய் எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

வலமா, இடமா

அடுத்த பரீட்சை வந்தது. எனக்கு மஞ்சளுக்கு, சொர்ணத்துக்கு ஆரஞ்சுக்கு. ஆரஞ்சுக்கு வேறு கட்டா. ஜெபா எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் கடைசிப் பகுதி நடத்திய அன்று சொர்ணம் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து என்னிடம்தான் கேட்டாள்.

மொட்டை மாடியில் நானும் அவளும் பழகிக்கொண்டிருந்தோம். மைமூன் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, கத்தி முடிச்ச பொறவு எந்தப் பக்கம் திரும்பணும்?"

இடப்பக்கம். எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தபோது, "வலப்பக்கம்" என்று வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு மாற்றவும் இல்லை.

"எடப்பக்கம்னுல்லா நெனச்சேன். மொதக் கட்டால அப்படித்தான வரும்?"

"நாந்தான் அன்னைக்கு இருந்தேன், நீயா இருந்த? வலப்பக்கம்னா வலப்பக்கம்."

"சரிக்கா."

அவ்வளவுதான். நான் சொன்னால் அவளுக்குச் சரி. புளிக்கு எவ்வளவு உப்பு, பிள்ளைக்கு எப்போது மொட்டை என்று எத்தனையோ தடவை சொன்ன அதே "சரிக்கா". பரீட்சைக்கு முன்னால் வகுப்பில் அந்தக் கடைசிப் பகுதியை மறுபடி நடத்த ஜெபாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் அவள் தினமும் வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பழகினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் காலடிச் சத்தம் கேட்கும். நான் எழுந்துபோய்ச் சொல்லவில்லை.

பரீட்சை அன்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கல்லை எண்ணி எண்ணிக் கால் வைத்தேன். கோட்டில் வந்து முடித்தேன். பெரிய மாஸ்டர் தலையை ஆட்டினார். சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

சொர்ணம் வந்தாள். அழகாகத்தான் செய்தாள். கத்தினாள். கத்தி முடித்து ஒரு கணம் நின்றாள். அவள் கண் என் பக்கம் வந்தது.

நான் வேறு எங்கேயாவது பார்த்திருக்கலாம். நான் தலையசைத்தேன். ஆமாம், வலப்பக்கம்தான் என்று.

அவள் வலப்பக்கம் திரும்பினாள். பெரிய மாஸ்டரின் புருவம் உயர்ந்ததைப் பார்த்தாள் போல. பதறிவிட்டாள். அடுத்த திருப்பம் தப்பியது, அதற்கடுத்ததும் தப்பியது. முடிக்கும்போது பெரிய மாஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருந்த சுவிட்ச் போர்டுக்குக் குனிந்து வணக்கம் வைத்தாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏம்மா அந்தப் பக்கம் திரும்புனிய? யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் பெரிய மாஸ்டர்.

நான் என் பெல்ட் முடிச்சை இறுக்கிக் கட்டினேன்.

"யாரும் சொல்லலை மாஸ்டர். மறந்துட்டு" என்றாள் சொர்ணம்.

ஒரே நிறம்

எனக்கு மஞ்சள் கொடுத்தார்கள். சொர்ணத்துக்கு ஆரஞ்சு இல்லை.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நிறம். மூத்தவள் நான். வரிசையில் நிற்கச் சொன்னதும் நேராகப் போய் அவளுக்கு வலப்பக்கம் நின்றேன். அவள் சத்தமில்லாமல் இடம் விட்டாள்.

"பெரியம்மா, அங்கன இல்ல" என்றாள் ஜெபா. "சொர்ணம்மாவுக்கு எடப்பக்கம் வாங்க."

"ரெண்டு பேருக்கும் மஞ்சதான மாஸ்டர்?"

"ஒரே நெறம்னா யாரு முன்ன வாங்குனாகளோ அவங்கதான் வலப்பக்கம். அவங்க மூணு மாசம் முன்ன வாங்கிட்டாகளே."

அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். மறுபடி ஒரு கல் தள்ளி நின்றேன். புது பெல்ட் இடுப்பில் குத்தியது.

கை கால் கழுவக் குழாயடிக்கு வந்தபோது மைமூன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"மாடியில நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு மதினி. நீங்களும் மறந்துதான் சொன்னியளோ என்னவோ. ஆனா ஒண்ணு. அவ ஒங்க பேரச் சொல்லலையே. எம்புட்டுப் பெரிய மனசு அவளுக்கு!"

பெரிய மனசு. அதுவும் அவளுக்கே போய்விட்டது.

அன்றில் இருந்து அடுத்த வகுப்பு வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்த காரியத்துக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. ஆனால் வெட்கத்தைவிட இதுதான் பெரிதாக இருந்தது. அவள் என்னைப் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டது தெரியாத மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. நான் கெட்டவள், அவள் நல்லவள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு வரிசையில், அவள் முன்னால் நின்றாள்.

சொல்லிவிட்டேன்

அடுத்த வகுப்பில் எல்லோரும் வரிசையில் நின்றதும் நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன்.

"மாஸ்டர், சொர்ணம் மறக்கலை. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். தெரிஞ்சேதான் சொன்னேன். அவளுக்கு ஆரஞ்சு கெடைக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

ஜெபா என்னையே பார்த்தாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னவள் நான். இனி மைமூன் யாரைப் பெரிய மனசு என்பாள் என்று பார்க்கலாம் என்றுகூட உள்ளே ஓடியது.

அப்போது சொர்ணம் பேசினாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"ஒன்னைய யாரு சொல்லச் சொன்னா? எனக்குத் தெரியாதா? மாடியில நீ சொல்லும்போதே தெரியும். அங்கன நின்னு நீ தலைய ஆட்டும்போதும் தெரியும். ஒம் மானம் போகக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்ட. தப்பு செஞ்சதுலயும் நீதான் முன்ன நிக்கணுமா?"

முன்னால் வைத்த எட்டைப் பின்னால் எடுத்து வைத்து வரிசையில் நின்றேன்.

"பேசுனது போதும். சோடி சேர்ந்து நில்லுங்க" என்றாள் ஜெபா. மெல்லத்தான் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் எதிரும் புதிரும்."

ஒருத்தி குத்த வேண்டும், மற்றவள் தடுக்க வேண்டும். குத்து உடம்பில் படக் கூடாது. ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றுவிட வேண்டும். சொர்ணம் மற்றவர்களோடு பழகும்போது சரியாக விரல்கடையில் நிறுத்துவாள். என்னோடு என்றால் ஒரு சாண் முன்னாலேயே நிறுத்திவிடுவாள். மூத்தவளாயிற்றே என்று.

அன்று நிறுத்தவில்லை.

நான் கையைத் தூக்குவதற்குள் வந்துவிட்டது. நெஞ்சுக்குழிக்குக் கீழே விழுந்தது. மூச்சு முழுக்க வெளியே போய், திரும்பி வர வழி தெரியாமல் நின்றேன்.

"சொர்ணம்மா!" என்று ஜெபா ஓடி வந்தாள். "பெரியம்மா, பட்டுட்டா?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றேன், மூச்சு வந்த பிறகு. "என் தடுப்புதான் பிந்திட்டு."

சொர்ணம் மன்னிப்புக் கேட்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடித்ததும் வணக்கம் வைக்க வேண்டும். நான் முதலில் குனிந்தேன். அவள் பிறகு குனிந்தாள். எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு மட்டும்.

மூன்று நாள் வலித்தது. இஞ்சி தட்டிக் குடித்தேன். வலிக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. தோளில் இருந்து வந்த குத்து இல்லை அது. பின்னங்காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, கடைசியில்தான் கை வந்தது. இத்தனை மாதமாக ஜெபா சொல்லிச் சொல்லி எனக்கு வராதது. அடுப்படியில் நின்று நானும் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. அவளுக்கு மட்டும் எப்படி வருகிறது?